அண்ணியின் இடது செருப்பு

செருப்பு ஒட்டுகிற ஒருத்தி தன் காலில் கிடந்த செருப்பையே தொலைத்துவிட்டு வந்து நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நாங்களும் சிரித்தோம். வேலை முடிந்து மாடிப்படி ஏறி வந்த அண்ணியின் வலது காலில் செருப்பு இருந்தது, இடது கால் வெறுங்கால். “இன்னொண்ணை எங்க விட்ட?” என்று என் அண்ணன் கேட்ட பிறகுதான் அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் எங்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

நான் இறங்கிப் போய்த் தேடினேன். தெருமுனையில், தண்ணீர் லாரி வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சமர்த்தாகக் கிடந்தது. அங்கிருந்து வீடு வரை ஒரு வெறுங்காலோடு வந்திருக்கிறாள். அந்த வழியில் ஜல்லி உண்டு, உடைந்த ஓடு உண்டு, எப்போதும் வற்றாத ஒரு சாக்கடைக் கசிவும் உண்டு. ஒன்றுமே அவளுக்குத் தெரியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் எனக்கும் சிரிப்பு நின்றது.

அண்ணி என்னைவிட வயதில் சின்னவள், முறையில் பெரியவள். அதனால் நான் அவளை ‘நீங்க’ என்பேன், அவள் என்னை ‘நீ’ என்பாள். இந்த அநியாயத்தில் எனக்கு இன்றுவரை மனத்தாங்கல் உண்டு. நான் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். பில் போட்டுப் போட்டே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அண்ணி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், ‘மருந்துக்கடை’ என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் வேன் ஓட்டுகிறான். மூன்று பேரும் இரண்டாம் மாடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

அண்ணி வேலை செய்வது ஒரு சின்னச் செருப்புக் கம்பெனியில். நீள மேஜையைச் சுற்றி ஆறு பெண்கள். ஒருத்தி அடித்தோலைத் தேய்த்துக் கொடுப்பாள், அடுத்தவள் தூசி தட்டுவாள், அண்ணியும் இன்னும் இருவரும் பிரஷ்ஷால் பசை தடவுவார்கள். பசைக்கு அங்கே பேர் ‘சொல்யூஷன்’. தடவியதும் ஒட்டிவிடக் கூடாது. ஈரம் போய், விரலில் பிசுக்கென்று பிடித்து, ஆனால் விரலோடு வராத ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதத்தில் மேல்தோலை வைத்து அழுத்தினால் செருப்பு கிழிந்தாலும் ஒட்டு விடாது. அந்தப் பதம் அண்ணிக்குப் பார்த்தாலே தெரியும். தெருவில் யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் பார்ப்பது காலைத்தான். “அந்த ஆளோட செருப்பு ரெண்டு மாசத்துல வாயைப் பொளந்துடும்” என்று பஸ்ஸில் என் காதில் சொல்வாள். எனக்கு வந்த ஒரு வரனைக்கூட, “குதிகாலை இழுத்து இழுத்து நடக்கறான், பாரு எப்படித் தேஞ்சிருக்கு, சரியான சோம்பேறி” என்று செருப்பைப் பார்த்தே தள்ளிவிட்டவள். அந்த ஆளைப் பற்றிப் பின்னால் கேள்விப்பட்டதில், அவள் சொன்னது சரிதான்.

அவளிடம் ஒரு வாசனை உண்டு. பெட்ரோலும் புது ரப்பரும் கலந்த மாதிரி. அவள் படியேறும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். “வந்தாச்சு, சொல்யூஷன் வந்தாச்சு” என்று அண்ணன் அடுப்பை மூட்டப் போவான். அண்ணி தன் முழங்கையை முகர்ந்து பார்த்து, “எங்கடா வாசனை? உங்க மூக்குதான் கோளாறு” என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு அந்த வாசனை எப்போதோ தெரியாமல் போய்விட்டிருந்தது.

இரண்டு நல்ல காரியங்கள் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கெட்டது அந்த வழியாகத்தான் வந்தது. முதலாவது, முதலாளி ஒரு ஏசி வாங்கி மாட்டினார். வெயில் காலத்தில் அந்த அறை வெந்துகொண்டிருந்தது, பெண்கள் வியர்வையில் குளித்தார்கள். அவர் நல்ல மனுஷர், கடன் வாங்கித்தான் மாட்டினார். அன்று அண்ணி வீட்டுக்கு வந்து அதைப் பற்றியே பேசினாள், எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது, ஒரு புதுச் சொல்யூஷன் வந்தது. பழையதைவிடப் பாதி நேரத்தில் காயும். ஏசி வந்ததும் சன்னலைச் சாத்தினார்கள். சாத்திய சன்னல் மறுபடி திறக்கவில்லை. தூசியும் வரவில்லை, வேலையும் வேகமாக நடந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

அதற்கப்புறம் ஒரு வருடம் போல ஆகியிருக்கும். அண்ணி நடக்கும்போது கால் விரல்களைச் சுருட்டிச் செருப்பைக் கவ்விப் பிடிக்க ஆரம்பித்தாள். தரையில் அட்டை விரித்த மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு சட்டைப் பொத்தான் போடக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள், விரலை நம்பாமல் கண்ணை நம்பி. அப்புறம்தான் இந்தச் செருப்பு விஷயம்.

“சுகர்தான்” என்றேன் நான். மருந்துக்கடையில் கால் மரத்துப்போகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் சுகர்க்காரர்கள். என் வாய் சும்மா இருக்குமா? வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தாள், சுகர் இல்லை. மறுபடி வெறும் வயிற்றில் கொடுத்தாள், அப்போதும் இல்லை. வேறொரு இடத்தில் தைராய்டு, சத்துக் குறைவு, அது இது என்று ஏழெட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் அண்ணி விடியற்காலையில் எழுந்து, குளித்து, துவைத்த துணி உடுத்தி, ஒரு வாய் தண்ணீரோடு கிளம்பினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். எல்லாம் நன்றாக இருக்கிற அந்தப் பெண்ணுக்கு மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். இளம் வயது, அவசரமில்லாத ஆள். இரண்டு முனை உள்ள ஒரு இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்காரம் போடும்போதே அண்ணியின் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

“அதிருதா?”

“நல்லாக் கேக்குது டாக்டர்.”

“கேக்கறதை விடுங்க. கால்ல அதிர்வு தெரியுதா?”

அண்ணி பேந்தப் பேந்த விழித்தாள். டாக்டரம்மா கவையை முழங்காலுக்கு ஏற்றினார், பிறகு அதற்கும் மேலே. தொடை அருகே வந்த பிறகுதான், “இப்ப தெரியுது” என்றாள் அண்ணி.

டாக்டரம்மா காலை விட்டுவிட்டு வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். இதற்கு முன்னால் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நானும்தான். என்ன பசை, எவ்வளவு நேரம், கையுறை உண்டா, சன்னல் உண்டா?

“சன்னல் இருக்கு டாக்டர், மூடித்தான் வச்சிருப்போம். ஏசி இருக்குல்ல” என்றாள் அண்ணி, கொஞ்சம் பெருமையாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அந்தப் பசை சீக்கிரம் காயறதுக்காக ஒரு திரவம் கலப்பாங்க. அது ஆவியாப் போய்த்தான் பசை காயுது. போற ஆவியை நீங்க தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுக்கறீங்க. ஒரே நாள்ல நிறைய இழுத்திருந்தா மயக்கம் வந்திருக்கும், வெளிய ஓடியிருப்பீங்க. கொஞ்சம் கொஞ்சமா போறதால உடம்பு சத்தமே போடல. உள்ள போனது அப்படியே இருக்காது. ஈரல் அதை வேற ஒண்ணா மாத்தும். அந்த மாறின சரக்குதான் நரம்பைத் தின்னுது. மிச்சம் மூத்திரத்துல வெளிய வரும். அது அங்க இருக்கான்னு பார்த்தா, காரணம் இதுதானான்னு தெரிஞ்சுடும்.”

“இருந்தா?” என்று நான் கேட்டேன்.

“இருந்தா அந்த வேலையை விட்டுடணும். சீக்கிரம் விட்டா கால் திரும்பி வரும். மெதுவா வரும், ஆனா வரும். தள்ளிப்போட்டா எவ்வளவு வரும்னு என்னால சொல்ல முடியாது.”

வெளியே வந்ததும் அண்ணி வராண்டாவில் நின்று என்னிடம் சொன்னாள்: “இதுதான்னு நிச்சயமாத் தெரிஞ்சா விட்டுடறேன். சும்மா சந்தேகத்துக்கெல்லாம் விடமாட்டேன். எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான், மருந்துக்கடை.”

ஆக எல்லாம் அந்த ஒரு பரிசோதனையில் வந்து நின்றது.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்: வாரத்தின் கடைசி வேலை நாளில், வேலை முடிந்தவுடன், வீட்டுக்குக்கூடப் போகாமல் மூத்திரம் பிடித்துக் கொண்டுவர வேண்டும். நானும் காதால் கேட்டேன். ஆனால் அண்ணி அதைக் கேட்ட விதம் வேறு. ‘பாவம், இவள் வேலைக்குப் போகிறவள், லீவு போட முடியாது, அதனால் சாயங்காலம் வரட்டும்’ என்று டாக்டரம்மா தனக்காக இரக்கப்பட்டுச் சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டாள். அவ்வளவு நல்லவரிடம் பசை அப்பிய கையோடு, நாள் முழுக்க வேர்த்த உடம்போடு போய் நிற்பதா? அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படியில்லை. முதலாளியிடம் சொல்லி முன்கூட்டியே லீவு வாங்கினாள். வார விடுமுறையையும் சேர்த்துக்கொண்டு வீட்டில் நன்றாக ஓய்வெடுத்தாள். மூத்திரம் தெளிவாக இருக்கட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பிறகு விடியற்காலையில் குளித்து, துவைத்த துணி உடுத்தி, வெறும் வயிற்றோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். லீவு போட்டது காலுக்கு ஓய்வு கொடுக்க என்றுதான் நான் நினைத்தேன்; அவள் கொடுக்கப் போனபோது கடையில் இருந்தேன். சாயங்காலம் வந்தபோது, “எல்லாம் ஒழுங்கா முடிச்சிட்டேன்” என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

முடிவு வந்தது. ஒன்றுமில்லை. மூத்திரத்தில் அந்தச் சரக்கின் வாடைகூட இல்லை.

அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. “நான்தான் அப்பவே சொன்னேனே, இத்தனை பேர் அங்க வேலை செய்யறாங்க, அவங்களுக்கெல்லாம் கால் இல்லையா?” என்றான். அண்ணியும் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போனாள். அந்த வாரம் வலது செருப்பும் ஒருமுறை கழன்றது. நான் பின்னாலேயே வந்துகொண்டிருந்ததால் எடுத்துக் கொடுத்தேன். அப்போதெல்லாம் கம்பெனியிலிருந்து வீடு வரை அண்ணிக்குப் பின்னால் நடப்பது என் வேலையாகிவிட்டது. கடை விட்டதும் போய்ச் சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நடந்தால் கழன்றது தெரியாது. பின்னால் நடந்தால்தான் தெரியும்.

டாக்டரம்மா மட்டும் குளிரவில்லை. திருப்பிக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அன்னிக்கு வேலை முடிஞ்ச உடனே கொடுத்தீங்களா?”

“ஐயோ, இல்ல டாக்டர். உங்ககிட்ட அப்படியெல்லாம் வருவேனா? ரெண்டு நாள் லீவு போட்டு, சுத்தமா, வெறும் வயித்துல வந்தேன்.”

டாக்டரம்மா அவளையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எனக்கே கோபம் மூக்குக்கு மேல் வந்திருந்தது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “தப்பு என் மேலயும் இருக்கு, ஏன்னு சொல்லாம விட்டுட்டேன்” என்றார். “அந்தச் சரக்கு உடம்புல தங்காது. ஒரு நாள், ரெண்டு நாள், அவ்வளவுதான், மூத்திரத்தோட போயிடும். நரம்புல அது பண்ணின வேலைதான் தங்கும். நீங்க ரெண்டு நாள் ஓய்வெடுத்து, தண்ணியும் குடிச்சு, தடயத்தையெல்லாம் கழுவிட்டு வந்திருக்கீங்க.”

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. வீட்டுக்குள் புகுந்து நன்றாகத் தின்றுவிட்டு, தின்ற தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிற திருடன் இது. அரிசி குறைவது தெரியும், தட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தின்றுகொண்டிருக்கும்போதே போய்க் கையைப் பிடித்தால்தான் உண்டு.

“அழுக்கோட வாங்க” என்றார் டாக்டரம்மா. “குளிக்காதீங்க, எனக்காக எதுவுமே பண்ணாதீங்க.”

இந்தத் தடவை நான் அண்ணியை நம்பவில்லை. வாரக் கடைசி நாளில் கடையில் அரை நாள் சொல்லிவிட்டு, ஊசி மருந்து எடுத்துப்போகிற குளிர்ப்பெட்டியையும் இரவல் வாங்கிக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போனேன். அத்தனை வருடத்தில் நான் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். கதவைத் திறந்ததும் கண் எரிந்தது, தொண்டைக்குள் இனிப்பாக ஏதோ இறங்கியது. ஜில்லென்ற அறை. சன்னல் இடுக்குகளில் தூசி வராமலிருக்கப் பழைய ரப்பர் துண்டுகளைச் செருகி வைத்திருந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் மூடியில்லாத ஒரு சொல்யூஷன் டப்பா. கை பசையானால் துடைக்க இன்னொரு டப்பாவில் அதே வாசனையில் தண்ணீர் மாதிரி ஏதோ. அதில் துணியை முக்கிக் கையைத் துடைத்துக்கொண்டே, “வாங்க வாங்க, நல்லா ஜில்லுன்னு இருக்குல்ல?” என்றாள் ஒருத்தி. அவளுக்குப் பட்டப்பேர் ‘சத்தம்’. அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவுகிறவள், மெதுவாகப் பேசத் தெரியாதவள்.

“உங்களுக்கெல்லாம் வாசனை வரலையா?” என்று கேட்டேன்.

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “என்ன வாசனை?” என்றாள் சத்தம்.

அண்ணி பாட்டிலைத் துணிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். மறைத்து என்ன பயன்? சத்தம் இருக்கிற இடத்தில் ரகசியம் ஏது? “அக்கா மூத்திரத்தைப் பெட்டியில ஐஸ் வச்சு ஊர்வலமா கொண்டுபோறாங்க” என்று அவள் அறிவிக்க, அந்த அறையே சிரித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே ஓடினேன். அண்ணி பசைக் கையோடு, கலைந்த தலையோடு, வெட்கத்தில் செத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தாள்.

முடிவை டாக்டரம்மா அண்ணியை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார். இருக்கிறது. கொஞ்சநஞ்சமல்ல, இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது. “இனிமே அந்த அறைக்குள்ள போகாதீங்க. இன்னொண்ணும் சொல்றேன், நல்லா மனசுல வச்சுக்கங்க. வேலையை விட்டதும் உடனே சரியாகாது. முதல்ல இன்னும் மோசமாகும். ரெண்டு மூணு மாசம் கூட ஆகலாம். நரம்புல ஏற்கனவே ஆரம்பிச்சது முடிஞ்சுதான் ஓயும். அதுக்கப்புறம்தான் திரும்பும். அப்ப பயந்துடாதீங்க.”

நாங்கள் இருவரும் தலையாட்டினோம். தலையாட்டுவது சுலபம்.

சொன்ன வாக்குப்படி அண்ணி வேலையை விட்டாள். விட்ட பிறகு கைப்பிடியைப் பிடித்தும் படியேற முடியாமல் போயிற்று. பிறகு பாத்திரம் கையிலிருந்து நழுவியது. முழங்காலுக்குக் கீழே சதை வற்றிக் கால் குச்சியாயிற்று. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். உழைத்த உடம்பைச் சும்மா போட்டால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். அண்ணனே ஒருநாள் சாப்பிடும்போது, “வேலைக்குப் போய்ட்டிருந்தவரைக்கும் நடந்துட்டாவது இருந்தா” என்று முணுமுணுத்தான். நான் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். டாக்டரம்மா சொன்னதை நானே தினமும் எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், வேலை செய்யாத மாத்திரையை மறுபடி மறுபடி விழுங்குவதுபோல.

ஒருநாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தால் வீட்டில் அண்ணியைக் காணோம். கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள். ஓடினேன்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“வேலைக்கு.”

“அண்ணி, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“அவங்க சொன்னாங்க. என் காலு வேற சொல்லுது” என்றாள். நகர்வதை நிறுத்தவில்லை. “அங்க இருந்தப்போ நடந்தேன். வீட்டுக்கு வந்தேன், படுத்துட்டேன். இதுல யாரை நம்பறது நான்? உனக்கென்ன, நாலு மாத்திரை பேரு தெரியும்னு பேசற. ராத்திரி கால் எங்க இருக்குன்னு தொட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன். உனக்குத் தெரியுமா அது?”

கீழ்ப்படி வரை கூடவே இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளால் அங்கிருந்து எழுந்திருக்க முடியவில்லை. நான் தூக்கிவிடவும் இல்லை. தூக்கிவிட்டால் போய்விடுவாளே என்ற பயம், தூக்காமல் இருப்பதில் வெட்கம். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் அழுதாள். நானும் அழுதேன்.

அப்போது சத்தம் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்றாள். “என்னக்கா, ரெண்டு பேரும் பிச்சைக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்றாள். அண்ணி முகத்தைத் துடைத்தாள். படியில் தாழ உட்கார்ந்திருந்ததால் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது சத்தத்தின் முகமல்ல, கால். அண்ணி வழக்கம்போல் காலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எத்தனை நாளா இப்படி?” என்றாள்.

“என்னது?”

“விரலைச் சுருட்டிச் செருப்பைக் கவ்விப் புடிச்சுட்டு நிக்கறியே. எத்தனை நாளா?”

சத்தம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். தான் அப்படி நிற்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. “செருப்பு லூஸாயிடுச்சுக்கா, அதான்” என்றாள், அவள் வாயிலிருந்து நான் கேட்டிராத சின்னக் குரலில்.

“அந்தச் செருப்பை நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். லூஸெல்லாம் இல்ல” என்றாள் அண்ணி. “தரையில அட்டை போட்ட மாதிரி இருக்கா?”

சத்தத்தின் கண் நிறைந்துவிட்டது.

அண்ணி சாப்பாட்டுப் பையை என்னிடம் கொடுத்தாள். “உங்க அண்ணனைக் கூப்பிடு. வேனை எடுக்கச் சொல்லு” என்றாள்.

அன்று அவள் கம்பெனிக்குப் போனாள், ஆனால் வேலைக்கு அல்ல. அண்ணன் தூக்கிக்கொண்டு போய் உள்ளே நாற்காலியில் உட்கார வைத்தான். குச்சியாகிப்போன கால்களை அவள் துணியை விலக்கி முதலாளிக்குக் காட்டினாள். அவர் முகம் செத்துவிட்டது. “உங்களுக்காகத்தானே ஏசி வாங்கினேன்” என்றார் திரும்பத் திரும்ப. “தெரியும் சார். யாரும் உங்களைக் குத்தம் சொல்லல. சன்னலைத் தொறங்க” என்றாள் அண்ணி. அவர் நகராமல் நின்றார். அண்ணன்தான் போய் ரப்பர் துண்டுகளைப் பிடுங்கிச் சன்னல்களைத் தள்ளித் திறந்தான். அன்று மாலையே மற்ற ஐந்து பேரும் குளிக்காமல், கை கழுவாமல், ஆளுக்கொரு பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள். வழிமுறையை அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்து அதட்டி அதட்டிச் சொன்னாள். இருவருக்கு இருந்தது. அதில் சத்தத்துக்கு அதிகமாக இருந்தது.

பழைய சொல்யூஷன் திரும்பி வந்தது. வேலை மந்தமாயிற்று. வெயிலில் அறை மறுபடி வெந்தது. அதற்காக அண்ணியைத் திட்டியவர்களும் உண்டு. முதலாளி நீண்ட நாள் எங்கள் பக்கமே வரவில்லை.

அண்ணியின் கால் அடுத்த மாதமும் மோசமாகத்தான் இருந்தது. அதற்கடுத்த மாதம் மோசமாவது நின்றது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. நிற்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் பார்க்க முடியாது. பிறகு ஒருநாள் படுக்கையில் கட்டைவிரலை அசைத்தாள். பிறகு சுவரைப் பிடித்து நின்றாள். வருடம் திரும்புவதற்குள் கைத்தடியோடு தெருமுனை வரை போய்வந்தாள். நான் வழக்கம்போல் அவளுக்குப் பின்னால் நடந்தேன். செருப்பு கழலும், எடுத்துக் கொடுப்பேன். அவள் ‘தேங்க்ஸ் மருந்துக்கடை’ என்பாள். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உள்ளே போகும்.

சென்ற வாரம் இருவரும் சந்தை முடிந்து வந்துகொண்டிருந்தோம். என் இரண்டு கையிலும் பை. தண்ணீர் லாரி நிற்கிற இடத்தைத் தாண்டும்போது அவளுடைய இடது செருப்பு கழன்று பின்தங்கியது. பைகளைக் கீழே வைத்துவிட்டு நான் குனிந்தேன்.

என் கை செருப்பைத் தொடுவதற்குள் முன்னால் போன கைத்தடியின் ஓசை நின்றது. அண்ணி நின்றுவிட்டாள். நின்று, இடது பாதத்தை ஜல்லியின் மேல் ஒருமுறை அழுத்தினாள். இன்னொரு முறை அழுத்தினாள். முகம் வலியில் சுளித்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“எடுக்காத” என்றாள். “கழண்டது எனக்குத் தெரிஞ்சுது. நானே வந்து போட்டுக்கறேன்.”